பிள்ளைகளின் பள்ளி ஓவியங்களை இணையத்தில் காட்சிக்கு வைப்பது: காகிதம் முதல் இணையப் பக்கம் வரை முழுமையான வழிகாட்டி

பள்ளியில் பிள்ளைகள் வரைந்த படங்களை இணையத்தில் காட்சிக்கு வைக்க முடிவு செய்ததும் பலரும் முதலில் கேட்பது, "எந்தத் தளத்தில் போடலாம்?" என்றுதான். தளத்தைச் சம்மதம் கேட்பதற்கு முன் முடிவு செய்தால் போதும். படம் மங்கிப் போவது, மஞ்சள் கிரேயான் கோடு காணாமல் போவது, பிள்ளையின் முழுப்பெயர் தேடுபொறியில் ஏறிவிடுவது எல்லாம் தளத்தில் ஏற்றுவதற்கு வெகு முன்பே, காகிதத்தைக் கையில் எடுக்கும்போதே தொடங்கிவிடுகின்றன. இந்த வழிகாட்டி இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொண்டு போகிறது. படம் பிள்ளை வரைந்தபடியே தெரிய வேண்டும். வரைந்த பிள்ளை யார், எங்கே இருக்கிறது என்பது வெளியாருக்குத் தெரியக் கூடாது.

ஒரு வகுப்பின் முப்பது நாற்பது படங்களை வைக்கப்போகும் ஆசிரியருக்கும், தன் பிள்ளையின் படங்களை உறவினர்களுக்குக் காட்ட நினைக்கும் பெற்றோருக்கும் வேலை பெரும்பாலும் ஒன்றுதான். அனுமதி விஷயத்தில் மட்டும் ஆசிரியருக்குப் பொறுப்பு அதிகம்.

முதலில் அனுமதி

காகிதமும் வண்ணமும் பள்ளி கொடுத்தது என்பதால் படம் பள்ளியுடையது ஆகிவிடாது. பதிப்புரிமை பொதுவாக வரைந்தவருக்கே, அதாவது பிள்ளைக்கே சொந்தம். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் இந்த உரிமைக்குப் பதிவு எதுவும் தேவையில்லை. படைப்பு உருவானதுமே வந்துவிடும். பிள்ளை மைனர் என்பதால் அதன் சார்பில் பெற்றோரோ பாதுகாவலரோ எழுத்தில் சம்மதம் தர வேண்டும்.

ஆண்டுத் தொடக்கத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கும் பொதுவான கையெழுத்தை இதற்குப் போதுமானதாக எண்ண வேண்டாம். ஒரு பக்கச் சம்மதப் படிவம் தனியாகத் தயாரியுங்கள். எந்தப் படங்கள், எந்தத் தளத்தில், எல்லாரும் பார்க்கலாமா அல்லது இணைப்பு உள்ளவர்கள் மட்டுமா, பெயர் எந்த வடிவில் வரும், எந்தத் தேதி வரை இருக்கும், எடுத்துவிடச் சொல்ல யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்ற ஆறும் அதில் இருக்கட்டும். பதில் வராத படிவத்தைச் சம்மதமாகக் கணக்கில் எடுக்காதீர்கள். "வேண்டாம்" என்ற பதிலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையையும் கேளுங்கள். ஆசிரியருக்குப் பிடித்த படம் வேறு, பிள்ளைக்குப் பிடித்த படம் வேறு என்பது அடிக்கடி நடக்கும். இரண்டு மூன்று படங்களை முன்னால் வைத்து "இதில் எதைப் போடலாம்?" என்று கேட்டால் போதும், ஐந்து வயதுப் பிள்ளைகூடத் தெளிவாகக் கை காட்டிவிடும். அது காட்டும் படத்தையே போடுங்கள்.

இரண்டு வகைப் படங்களைத் தொடக்கத்திலேயே தனியாக எடுத்து வையுங்கள். கார்ட்டூன் பாத்திரங்களைப் பார்த்து அப்படியே வரைந்தவை முதல் வகை. அந்தப் பாத்திரங்களின் உரிமை வேறொருவருடையது, வீட்டுச் சுவரில் மாட்டலாம், பொதுத் தளத்துக்கு வேண்டாம். இரண்டாவது வகை, வீட்டுச் சண்டை, அடி, நோய், இழப்பு என்று பிள்ளையின் மனக்கஷ்டம் தெரியும் படங்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் இவை காட்சிக்கு உரியவை அல்ல. பள்ளியில் பிள்ளைகள் நலனைக் கவனிப்பவரிடம் அமைதியாகக் காட்ட வேண்டியவை.

காகிதத்தைத் தயார் செய்தல்

ஒவ்வொரு படத்தின் பின்புறமும், கீழ் மூலையில், மென்மையான பென்சிலால் அழுத்தாமல் ஓர் எண் எழுதுங்கள். பேனா வேண்டாம், மெல்லிய தாளில் மை முன்பக்கம் ஊறிவிடும். எந்த எண் எந்தப் பிள்ளை என்ற பட்டியல் ஒரு நோட்டில் மட்டும் இருக்கட்டும், இணையத்தில் எங்கும் ஏற வேண்டாம். அடுத்தடுத்த படிகள் எல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான் நடக்கும்.

போஸ்டர் கலர் பூசிய படத்தை ஓர் இரவு முழுக்கக் காயவிடுங்கள். தடிமனாகப் பூசியிருந்தால் மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாக இருக்கும். ஸ்கேனர் கண்ணாடியில் வைத்தால் ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும். சுருண்ட, கசங்கிய தாள்களை இரண்டு சுத்தமான வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓரிரு நாள் விடுங்கள். கிரேயான் படத்தை இஸ்திரி போட்டு நேராக்காதீர்கள், மெழுகு உருகிப் பரவிவிடும். பேஸ்டல், கரிப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நேரடியாக அடுக்கினால் ஒன்றின் தூள் அடுத்ததன் பின்புறத்தில் ஒட்டும். இடையே ஒரு வெற்றுத் தாள் வையுங்கள். லேமினேட் செய்யும் எண்ணம் இருந்தால், படமெடுத்த பிறகு செய்யுங்கள். பிளாஸ்டிக் உறையின் பளபளப்பைப் பிறகு படத்திலிருந்து நீக்க முடியாது.

ஸ்கேனரா, கேமராவா?

பென்சில், கலர் பென்சில், ஸ்கெட்ச் பேனா, நன்கு காய்ந்த வாட்டர்கலர் ஆகியவை ஏ4 அளவுக்குள் இருந்தால் ஸ்கேனர். கொலாஜ், துணி, பஞ்சு, மினுமினுப்புத் தூள் ஒட்டியவை, தடித்த வண்ணப் பூச்சு, ஏ3-ம் அதற்கு மேலும் இருப்பவை எல்லாம் கேமரா. இதற்குக் காரணம் இருக்கிறது. மெல்லிய உடலுள்ள, விலை குறைந்த ஸ்கேனர்களில் இருக்கும் சிஐஎஸ் வகை உணரி கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் பரப்பை மட்டுமே கூர்மையாகப் பிடிக்கும். ஒட்டிய பொத்தான் காகிதத்தைச் சில மில்லிமீட்டர் தூக்கிவிட்டால் போதும், அதைச் சுற்றியுள்ள பகுதி மங்கிவிடும். மினுமினுப்புத் தூள் கண்ணாடியைக் கீறவும் செய்யும்.

ஸ்கேன் செய்வது

கண்ணாடியைப் பஞ்சில்லாத துணியால் துடையுங்கள். கிரேயான், எண்ணெய்ப் பேஸ்டல் படமானால் கண்ணாடிமேல் ஒரு சுத்தமான ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் படத்தை வையுங்கள். இல்லாவிட்டால் மெழுகு கண்ணாடியில் ஒட்டி, அடுத்து வரும் படங்கள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் கறை தெரியும்.

அமைப்பில் "ஆவணம்" என்பதைத் தவிர்த்து "புகைப்படம்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். நிறம் 24 பிட். பென்சில் படத்தையும் நிறத்திலேயே எடுங்கள், தாளின் நிறமும் படத்தின் ஒரு பகுதிதான். அடர்த்தி 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) போதும்: ஏ4 தாள் 2480 × 3508 பிக்சல் வரும், திரைக்கும் அதே அளவில் அச்சிடுவதற்கும் இது தாராளம். ஏ5-ஐ விடச் சிறிய படங்களுக்கு 600 டிபிஐ வையுங்கள். எல்லாவற்றையும் 600-ல் எடுத்தால் பிக்சல் எண்ணிக்கை நான்கு மடங்காகும், திரையில் வித்தியாசம் தெரியாது.

தானியங்கித் திருத்தங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். "பின்னணியை நீக்கு", "உரையைக் கூர்மையாக்கு" என்று இருப்பவைதான் பிள்ளைகள் படத்துக்கு முதல் எதிரி. லேசான பென்சில் கோட்டையும் வெளிர் மஞ்சள் கிரேயானையும் அழுக்கு என்று நினைத்து மென்பொருள் அழித்துவிடும். முதல் படத்தை ஸ்கேன் செய்ததும் அசலைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, மிக வெளிர்ந்த கோடு எது என்று பார்த்து, அது திரையிலும் இருக்கிறதா என்று சரிபாருங்கள். இருந்தால் அதே அமைப்பில் மற்றவற்றையும் எடுக்கலாம். நியான் நிறங்கள் மட்டும் ஸ்கேனரிலும் திரையிலும் அப்படியே வராது. அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

போன் கேமராவில் எடுப்பது

நல்ல போன் இருந்தால் நல்ல படம் வந்துவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் இங்கே முக்கால்வாசி வேலையை வெளிச்சம்தான் செய்கிறது. மேகமூட்டமான நாளில், நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கம் மிகச் சரியான இடம். படத்தை ஜன்னலை ஒட்டி வைத்தால் ஜன்னல் பக்க விளிம்பு வெளுத்தும் எதிர் விளிம்பு இருண்டும் வரும். மேசையை ஒன்றிரண்டு மீட்டர் உள்ளே தள்ளுங்கள், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தி ஒளியைத் திருப்பிவிடுங்கள். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஜன்னல் ஒளியும் விளக்கொளியும் கலந்தால் தாளின் ஒரு பாதி நீலமாகவும் மறு பாதி மஞ்சளாகவும் வரும். ஒரே திருத்தத்தில் இரண்டையும் சரிசெய்ய முடியாது.

இரவில்தான் நேரம் கிடைக்கும் என்றால் ஒரே வகைப் பல்பு போட்ட இரண்டு விளக்குகளை, படத்தின் இரு பக்கமும் 45 டிகிரி கோணத்தில், சம தூரத்தில் வையுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கிரேயான் பளபளத்தால் விளக்குகளை இன்னும் தாழ்த்திப் பக்கவாட்டில் கொண்டுபோங்கள்.

அடுத்தது கோணம். கேமரா படத்துக்கு நேர் எதிரே இல்லையென்றால் செவ்வகத் தாள் ஒரு பக்கம் குறுகித் தெரியும். சுலபமான வழி ஒன்று உண்டு: தாளின் நடுவில் முகம் பார்க்கும் சிறிய தட்டையான கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு, போன் திரையில் பாருங்கள். கண்ணாடியில் உங்கள் போனின் லென்ஸ் திரையின் சரியான நடுவில் தெரிந்தால் கோணம் நேராக இருக்கிறது. போனை முக்காலியில் நிறுத்தி, கண்ணாடியை எடுத்துவிட்டு, படத்தை எடுங்கள். ஒருமுறை சரிசெய்தால் வகுப்பு முழுவதற்கும் அதே அமைப்பு போதும். தாள் வைக்க வேண்டிய இடத்தை மேசையில் டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள்.

மிக அருகில் வைத்து எடுத்தால் விளிம்புகள் வளையும், போனின் நிழலும் விழும். ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வையுங்கள். வெள்ளைத் தாள் அதிகம் உள்ள படத்தை கேமரா இருட்டாக எடுக்கும், ஏனென்றால் வெள்ளையைச் சாம்பலாக்கிச் சமன் செய்வதே அதன் பழக்கம். தாளின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைச் சற்றே கூட்டுங்கள். அழகுபடுத்தும் தானியங்கி வசதி எதுவும் இயங்க வேண்டாம். டைமரை 2 அல்லது 3 விநாடிக்கு வைத்தால் தொடும்போது வரும் அசைவு தவிர்ந்துவிடும். 4000 பிக்சல் அகலம் தரும் 12 மெகாபிக்சல் கேமராவில் ஏ3 தாள் சட்டத்தை நிறைத்தால் ஏறத்தாழ 240 டிபிஐ கிடைக்கிறது, இணையத்துக்கு அது தேவைக்கு மேலேயே.

ஆவணங்களை ஸ்கேன் செய்யும் செயலிகளை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். தாளை வெள்ளையாக்கி எழுத்தைக் கறுப்பாக்குவதற்காகச் செய்யப்பட்டவை அவை. வாட்டர்கலரின் மெல்லிய படிநிலைகள் திட்டுத்திட்டாகிவிடும்.

களிமண் பொம்மை, அட்டை வேலைப்பாடுகளுக்கு ஒரு பெரிய சாம்பல் நிறத் தாளைச் சுவரிலிருந்து மேசைக்கு மடிப்பில்லாமல் வளைத்து விரித்து, நடுவில் வைத்து, ஒரு பக்க வெளிச்சத்தில் முன், பக்கம், மேல் என மூன்று கோணம் எடுங்கள்.

திருத்தம்: எவ்வளவு போதும்

சுழற்றுவது, வெட்டுவது, நிறச் சமன், வெளிச்சம் என்ற வரிசையில் செய்யுங்கள். ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளே போதும். வெட்டும்போது தாளின் விளிம்பு தெரியும்படி விடுவது நல்லது. பல பிள்ளைகள் விளிம்பு வரை வரைவார்கள், விளிம்பைத் தாண்டிப் போன கோடும் படத்தில் உண்டு.

தாளைத் தூய வெள்ளையாக்கும் ஆசையை அடக்குங்கள். 0 (கறுப்பு) முதல் 255 (தூய வெள்ளை) வரையிலான வெளிச்ச அளவில் தாள் 240-ஐ ஒட்டி நின்றால் போதும். 255-க்குத் தள்ளினால் வெளிர் மஞ்சளும் வெளிர் நீலமும் தாளோடு சேர்ந்து மறைந்துவிடும். அழித்து வரைந்த தடம், வெளியே வழிந்த வண்ணம், கோணலான கோடு எதையும் தொடாதீர்கள். அது பிள்ளையின் கை போன வழி.

இங்கே கட்டாயம் செய்ய வேண்டிய திருத்தம் ஒன்று உண்டு. முன்பக்கத்தில் எழுதிய முழுப்பெயர், பள்ளிப் பெயர், வீட்டு எண், தொலைபேசி எண் ஆகியவற்றை நகலில் தாளின் நிறத்தால் மூடிவிடுங்கள். படத்துக்கு உள்ளேயும் பாருங்கள். "என் வீடு" என்று வரைந்த படத்தில் கதவின்மேல் உண்மையான கதவு எண் இருக்கும். தெருப்பெயர்ப் பலகையைக்கூடக் கவனமாக எழுதி வைத்திருப்பார்கள்.

கோப்புகளும் மறைந்திருக்கும் விவரங்களும்

அசல் கோப்புகளை ஒரு ஃபோல்டரில் போட்டு அப்படியே விட்டுவிடுங்கள். ஜேபெக் கோப்பைத் திறந்து திருத்தி மறுபடி மறுபடி சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும், அதனால் திருத்தங்கள் எப்போதும் நகலில்தான். இணையத்துக்கு நீளமான பக்கம் 1600 முதல் 2000 பிக்சல் வரை, ஜேபெக் தரம் 80, நிற அமைப்பு எஸ்ஆர்ஜிபி. வேறு நிற அமைப்பில் சேமித்தால் சில திரைகளில் நிறங்கள் வெளிறித் தெரியும். பிஎன்ஜி வடிவம் இத்தகைய படங்களுக்குத் தேவையில்லாமல் பல மடங்கு பெரிதாகும். ஐபோனின் ஹெய்க் கோப்புகள் பல உலாவிகளில் திறக்காது. கேமரா அமைப்பிலேயே அதிகப் பொருத்தமுள்ள வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் ஜேபெக்காகவே வரும்.

கோப்புப் பெயரில் ஆண்டு, வகுப்பு, வரிசை எண் மட்டும் இருக்கட்டும்: 2025-4-017 என்பதுபோல. கோப்புப் பெயர் இணைய முகவரியில் அப்படியே தெரியும். பக்கத்தில் பெயரை மறைத்துவிட்டு கோப்பில் பிள்ளையின் முழுப்பெயரை விட்டுவிடுவது மிகவும் பரவலான தவறு.

போனில் எடுத்த படத்துக்குள் எக்ஸிஃப் என்ற தகவல் தொகுப்பு ஒளிந்திருக்கிறது. எடுத்த தேதி, நேரம், போன் வகை ஆகியவற்றோடு, இருப்பிட வசதி இயங்கியிருந்தால் எடுத்த இடத்தின் துல்லியமான ஆயத்தொலைவுகளும் அதில் பதிவாகும். வீட்டில் எடுத்திருந்தால் அது வீட்டு முகவரி. கேமரா செயலிக்கு இருப்பிட அனுமதியை முன்னதாகவே நிறுத்துங்கள். எடுத்துவிட்ட படங்களுக்கு, விண்டோஸில் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து பண்புகள், விவரங்கள் என்று போனால் தனிப்பட்ட தகவல்களை நீக்கும் வசதி கடைசியில் இருக்கும். பல கோப்புகளை ஒரே நேரத்தில் தேர்ந்தெடுத்தும் செய்யலாம். சில தளங்கள் தாமாகவே இதை நீக்குகின்றன, ஆனால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

எந்தத் தளம்

பார்க்கப்போவது வகுப்புப் பெற்றோரும் உறவினரும் மட்டும் என்றால் பகிரப்பட்ட ஆல்பமோ, குறிப்பிட்ட மின்னஞ்சல்களுக்கு மட்டும் திறக்கும் டிரைவ் ஃபோல்டரோ போதும். பெரும்பாலான வகுப்புகளுக்கு இதுவே சரியான தேர்வு. "இணைப்பு உள்ள எவரும்" என்ற அமைப்பைப் பூட்டு என்று நினைக்காதீர்கள். இணைப்பை ஒருவர் முன்னனுப்பினால் கதவு திறந்துவிடும்.

பள்ளியின் பொதுக் காட்சி என்றால் இணையப் பக்கம் உருவாக்க உதவும் கூகுள் சைட்ஸ், வேர்ட்பிரஸ் இரண்டும் பொருத்தம். பிள்ளைகள் ஓவியத்துக்கென்றே 2000-ல் தொடங்கிய ஆர்ட்சோனியா போன்ற தளங்களில் பெற்றோர் ஒப்புதலும் முழுப்பெயருக்குப் பதிலான புனைபெயரும் அமைப்பிலேயே உண்டு. முப்பரிமாணக் கண்காட்சி அறைகள் கண்ணைக் கவரும். ஆனால் போன் திரையில் சுவருக்குள் சுவராகப் படம் சிறுத்துவிடும், சுமாரான இணைப்பில் திறக்கவே நேரமாகும். சமூக ஊடகக் கணக்கில் போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. படம் சுருங்குகிறது, கருத்துகளைக் கட்டுப்படுத்த முடிவதில்லை, பரவியதைத் திரும்பப் பெறவும் முடிவதில்லை.

தேடுபொறியில் வரக் கூடாது என்றால் அதற்கான அமைப்பைத் தேடிப் போடுங்கள். வேர்ட்பிரஸில் அமைப்புகளுக்குள் வாசிப்புப் பகுதியிலும், கூகுள் சைட்ஸில் வெளியிடும் பெட்டியிலும் இது இருக்கிறது. இது தேடுபொறிகளிடம் வைக்கும் வேண்டுகோள் மட்டுமே, கடவுச்சொல்லுக்கு ஈடாகாது. வலது கிளிக்கைத் தடுப்பதும் பயனற்றது, திரைப்பிடிப்பு எடுக்க ஒரு விநாடி போதும். படத்தின் குறுக்கே பெரிய முத்திரை போடுவது படத்தையே கெடுக்கிறது. அச்சுக்கு உதவும் பெரிய கோப்பை ஏற்றாமல் இருப்பதே நடைமுறையில் உதவும் பாதுகாப்பு.

பக்கத்தை அடுக்குவது

பின்னணி வெளிர் சாம்பலோ மங்கிய வெள்ளையோ இருக்கட்டும். பலூன், நட்சத்திரம், வானவில் நிறைந்த வார்ப்புருக்கள் படங்களோடு போட்டி போடும். ஒரு பக்கத்துக்கு இருபது முப்பது படங்களுக்கு மேல் வேண்டாம்.

சிறுபடங்களைச் சதுரமாக வெட்டும் வழக்கத்தைக் கவனியுங்கள். வேர்ட்பிரஸ் தானாகவே 150 × 150 பிக்சலுக்கு வெட்டிவிடும்; நீளவாக்கில் வரைந்த ஒட்டகச்சிவிங்கிக்குத் தலையும் காலும் போய்விடும். ஊடக அமைப்பில் சரியான அளவுக்கு வெட்டும் தேர்வை, படங்களை ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். பிறகு மாற்றினால் ஏற்கெனவே ஏற்றியவை மாறாது.

சம்மதம் தந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படமாவது இருக்க வேண்டும், எல்லாம் ஒரே அளவில் தெரிய வேண்டும். "சிறந்தவை" என்று மேலே தனி வரிசை வைக்காதீர்கள். விருப்பக்குறி எண்ணிக்கையையும் கருத்துப் பெட்டியையும் அணைத்துவிடுங்கள். எண்ணைப் பார்த்ததும் பிள்ளைகள் அதைத்தான் ஒப்பிடுவார்கள்.

படத்தின் கீழே முதற்பெயரும் வயதும், அல்லது முதலெழுத்து மட்டும். அரிதான பெயராக இருந்தால் முதலெழுத்தே நல்லது. பள்ளி, வகுப்புப் பிரிவு, பிள்ளையின் முகம் ஆகியவற்றைப் பெயரோடு ஒரே பக்கத்தில் சேர்க்காதீர்கள். தலைப்பைப் பிள்ளையிடமே கேட்டு, சொன்னபடியே எழுதுங்கள். "மழை வரப்போகுது, ஓடு" என்று பிள்ளை சொன்னால் அதை "மழைக்காலக் காட்சி" என்று மாற்ற வேண்டாம். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் படிப்பதற்கான மாற்று உரையில் கண்ணில் படுவதைச் சொல்லுங்கள்: "கறுத்த மேகத்துக்குக் கீழே மூன்று பேர் இடது பக்கமாக ஓடுகிறார்கள், ஒருவர் கையில் சிவப்புக் குடை, அது விரியவில்லை." என்ன வண்ணம், என்ன தாள் என்பதும் ஒரு வரியில் இருந்தால் நல்லது.

வெளியிட்ட பிறகு

கணக்கிலிருந்து வெளியேறி, வேறொரு போனில், மொபைல் டேட்டாவில் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஆசிரியரின் கணினியில் திறக்கும் படம் மற்றவர்களுக்கு அனுமதி கேட்டு நிற்பது வழக்கமான சிக்கல். ஒவ்வொரு பெயரும் சரியான படத்தின் கீழ் இருக்கிறதா என்று நோட்டுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பள்ளிச் சுவரில் க்யூஆர் குறியீடு ஒட்டுவதானால், பார்ப்பவர் நிற்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் வையுங்கள்: ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 10 செ.மீ. முகவரியை நேரடியாகக் கொண்ட குறியீடாக உருவாக்குங்கள். இடையில் ஒரு நிறுவனத்தின் முகவரி வழியாகப் போகும் குறியீடு, அந்தச் சேவையின் இலவசக் காலம் முடிந்ததும் செயலிழக்கலாம்.

எடுத்துவிடச் சொல்லிக் கோரிக்கை வந்தால் காரணம் கேட்காமல் இரண்டு நாளுக்குள் எடுத்துவிடுங்கள். பக்கத்திலிருந்து நீக்கினால் மட்டும் போதாது. வேர்ட்பிரஸில் பதிவை அழித்தாலும் படக் கோப்பு ஊடக நூலகத்தில் தங்கி, அதன் நேரடி முகவரியில் திறந்துகொண்டே இருக்கும். அங்கேயும் அழிக்க வேண்டும். தேடுபொறியில் பழைய சிறுபடம் தெரிந்தால், காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கோரும் கூகுளின் படிவத்தில் அந்த முகவரியைக் கொடுங்கள்.

படிவத்தில் சொன்ன தேதி வந்ததும் பக்கத்தை மூடுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையின் பெரிய கோப்பையும் பெற்றோருக்குத் தனித்தனியாக அனுப்பிவிடுங்கள். பள்ளி வைத்துக்கொள்ளும் பிரதிகள் மூன்றாக, இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும். எண்ணும் பெயரும் கொண்ட நோட்டுப் பட்டியல் அவற்றோடு சேராமல் தனியாகப் பூட்டப்பட வேண்டும்.